நவமி முடிய முன்னம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
15.10.2023

அன்புள்ள இராகுலன் அண்ணாவுக்கு,

தங்கச்சி சுலோஜனா எழுதிறது. நானும் மகள் கௌசிகாவும் மச்சாளும் உயிரோட இருக்கிறம். சுகமோ எண்டு கேட்டால் அது வேற கதை. நீங்கள் அந்தக் குளிருக்குள்ள ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும் எண்டு பத்திரகாளி அம்மனிட்டச் சொல்லிப்போட்டுத்தான் பேனையைத் தூக்கினனான்.

போன் இருக்க ஏன் கடிதம் எண்டு பாப்பீங்கள். போனில ரெண்டு வசனம் கதைக்க முன்னம் எனக்கு அழுகை வந்திடும், என்னைப் பாத்து மகளும் தொடங்கிடுவாள். பதினொரு வருசமாத் தபால் கந்தோரில ஊராரின்ட கடிதங்களுக்கு முத்திரை குத்திறன், எனக்கெண்டு ஒண்டு எழுதினால் என்ன குறைஞ்சா போயிடும்?

போன ஞாயிற்றுக்கிழமை என்ட மனிசன் திலக்சனுக்கு வருசம் முடிஞ்ச ஆட்டைத் திவசம் செய்தம், தேய்பிறைத் தசமியில. இவருக்குத் திதி பாக்கிறதே பெரிய பாடாப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சல்லிக் கடற்கரையில எங்கட மீன் வாடிக்குள்ள விடியத்தானே ஆளைக் கண்டெடுத்தது. முதல் நாள் பின்னேரம் ஏழு மணி வரைக்கும் நவமி, அதுக்குப் பிறகு தசமி. டொக்டர் நேரத்தை அறுதியாச் சொல்ல ஏலாது எண்டிட்டார். படகு எஞ்சின் திருத்திற முனாஸ் இரவு ஒன்பது மணிக்குத்தான் வாடிப் பக்கம் போனவன் எண்டு பொலிஸ் சொன்னபடியால் ஐயர் தசமி எண்டு எழுதினவர். திதி பிழைச்சால் படைச்சது போய்ச் சேராது எண்டு மச்சாள் பயந்து பயந்து மூண்டு பேரிட்டக் கேட்டவ. இவரிட அக்கா எல்லே, தம்பி பட்டினி கிடக்கக் கூடாது எண்டு அவவுக்கு.

முனாஸை நினைச்சால் இப்பவும் எனக்கு வயிறு எரியுது. எஞ்சின் திருத்த வந்து என்ட கையால எத்தினை தேத்தண்ணி குடிச்சவன்! இவர் அவனோட மீன் சந்தையில வைச்சு எஞ்சின் விசயமாச் சண்டை பிடிச்சதைப் பொலிஸில சொன்னது நான்தான். என்ட வாய்தான் அவனை உள்ள போட்டது. போடத்தான் வேணும். அவன்ட மனிசி றுக்கியா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என்ட கவுண்டருக்கே வாறா, பெரிய பெரிய இடங்களுக்கு முறைப்பாட்டுக் கடிதம், எல்லாம் பதிவுத் தபால். என்ட புருசனைக் கொலை செய்தவனை விடச் சொல்லி எழுதின கடிதத்துக்கு நானே சீல் குத்தித் துண்டு கிழிச்சுக் குடுக்கிறன். இதுக்கு என்ன சொல்லுறீங்கள்?

நீங்கள் கொலை நடந்த அண்டைக்கு விடியவே விதைப்புக்கெண்டு ஈச்சிலம்பற்றுக்கு உங்கட அக்கா வீட்டை போகாமல் இஞ்ச நிண்டிருந்தால், இவர் தனிய வாடிக்குப் போயிருக்கமாட்டார் எண்டு மச்சாள் அடிக்கடி சொல்லுவா. அவ ஆற்றாமையில சொல்லுறது. நீங்கள் மனம் நோக வேண்டாம். பள்ளிக்கூடத்தில இருந்து இவரோட ஒண்டா இருந்த நீங்கள்தான் சாம்பல் அள்ளின காடாத்துக்கும் பக்கத்தில நிண்டனீங்கள், அதை நான் மறக்கேல்லை.

ஒரு வருசமாகியும் மனிசன் என்ட கனவில ஒருக்கால் கூட வரேல்லை. என்ன கோபமோ தெரியாது.

இப்படிக்கு,
தங்கச்சி சுலோ


ஹம், ஜேர்மனி.
12.11.2023

அன்புத் தங்கச்சி சுலோஜனாவுக்கு,

உங்கட கடிதம் திங்கட்கிழமை கிடைச்சது. உறையில உங்கட கையெழுத்து. நல்ல செய்திதானோ எண்டு நினைச்சு நினைச்சு வேலை முடியும் வரைக்கும் உடைக்காமல் சட்டைப் பைக்குள்ள வைச்சிருந்தன். இஞ்ச ஒரு சாப்பாட்டுக் கடையின்ட குசினியில கோப்பை கழுவுறன். கை தோல் உரியுது, எண்டாலும் நாட்டில இருக்கிற உங்களை நினைச்சால் இதெல்லாம் ஒரு கஷ்டமே?

கிழமைக்கு நாலு நாள் பாஷை வகுப்பு. போன வெள்ளி ரீச்சர் ஒரு ஜேர்மன் படம் போட்டவ. கொலைப் படம் எண்ட உடன எங்கட பெடியள் எல்லாம் கதிரையை இழுத்துப் போட்டு முன்னுக்கு இருந்தவங்கள். ஆனால் அஞ்சு நிமிசத்தில கொலை முடிஞ்சு போச்சு. துரத்தலுமில்லை, துவக்குமில்லை. மிச்சம் முழுக்கச் செத்தவன்ட வீடுதான். மனிசி உடுப்புத் தோய்க்கிறா, பிள்ளை பள்ளிக்குப் போகுது, ஞாயிற்றுக்கிழமைகளில செத்தவன்ட கூட்டாளி வந்து தண்ணிக் குழாய் திருத்திக் குடுத்திட்டு அவளின்ட கையால சூப் குடிக்கிறான். எல்லாரும் அவனை நல்லவன் எண்டு சொல்லினம். பாதியில நிப்பாட்டி, இவன் இனி என்ன செய்வான் எண்டு ஜேர்மனில எழுதுங்கோ எண்டா ரீச்சர். எனக்குத் தலையிடி வந்து எழும்பி வந்திட்டன்.

வழக்கு இப்ப எங்க நிக்குது? ஒவ்வொரு தவணையும் என்ன நடக்குதெண்டு மறக்காமல் எழுதுங்கோ. றுக்கியாவோட கனக்கக் கதை வைச்சுக்கொள்ளாதேங்கோ. அழுது அழுதே ஆளை மாத்திப்போடுவா. இன்னுமொண்டு, என்ட கடிதங்களை வாசிச்ச கையோட கிழிச்சுப் போடுங்கோ. ஒரு ஆம்பிளையின்ட கடிதம் வீட்டில கிடந்தால் சனம் வேற கதை கட்டும். உங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறன்.

கௌசிகாவுக்கு ஒரு குளிர்ச் சட்டை அனுப்பியிருக்கிறன். திருகோணமலையில குளிர்ச் சட்டை எதுக்கெண்டு சிரிக்காதேங்கோ, ஒரு நாளைக்குத் தேவைப்படும்.

அன்பின்,
இராகுலன்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
04.02.2024

அன்புள்ள இராகுலன் அண்ணாவுக்கு,

பாசல் வந்தது. நானே துண்டில கையெழுத்து வைச்சு எனக்கே குடுத்தன். மகள் அந்தச் சட்டையை இந்த வெக்கைக்குள்ள போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வெளிக்கிட்டாள். நாய் கூடக் குரைச்சது. கன நாளுக்குப் பிறகு அண்டைக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சனாங்கள்.

கடிதத்தைக் கிழிக்கச் சொல்லி எழுதியிருந்தீங்கள். அண்ணா, தபால்காரியிட்டச் சொல்லுற கதையே இது? ஆள் செத்துப் போன விலாசத்துக்கு வந்த கடிதத்தைக் கூட நாங்கள் கிழிக்கிறதில்லை. சனம் என்ன கதை கட்டினால் எனக்கென்ன, கட்டுறவைக்கு வேலையில்லை. முடிவு சொல்லாமல் படக்கதை சொல்லுற ஆளையும் இப்பத்தான் காணுறன். அந்தக் கூட்டாளி பிறகு என்ன செய்தவன்? அவளைக் கலியாணம் கட்டினவனோ? வகுப்பில மற்றப் பெடியளிட்டக் கேட்டு எழுதுங்கோ.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போயிட்டுது. வாற மார்கழி மாதம் விசாரிக்கத் தொடங்குவினம் எண்டு கதை. என்னைத்தான் முதல் சாட்சியாக் கூப்பிடுவினமாம். போன செவ்வாய்க்கிழமை கந்தோரில சனமில்லாத நேரம் பாத்து றுக்கியா வந்து கவுண்டரில கையை ஊண்டிக்கொண்டு நிண்டா. "தங்கச்சி, அண்டைக்கு எங்கட மனிசன் ஏழு மணி வரைக்கும் புல்மோட்டையில எஞ்சின் கழட்டிக்கொண்டு நிண்டவர். எட்டுப் பேர் சாட்சி சொல்லுவாங்க. அங்கயிருந்து வந்த கையோட திருத்தின எஞ்சினைக் குடுக்கத்தான் சல்லிக்குப் போனவர். வாடி இருட்டாக் கிடந்திச்சு, கூப்பிட்டும் சத்தமில்ல, திரும்பி வந்திட்டார். நீங்க ஒரு சொல்லுச் சொன்னா விடுவாங்க" எண்டா. இரவு தானே கொலை நடந்தது, ஏழு மணி வரைக்கும் உங்கட மனிசன் எங்க நிண்டால் எனக்கென்ன எண்டு கேட்டன். துண்டை வாங்கிக்கொண்டு போயிட்டா. பிறகு எனக்கு வேலை ஓடேல்லை. விசர் மாதிரி ஒரே கடிதத்துக்கு ரெண்டு தரம் சீல் குத்தினன்.

வாடிக்குள்ள கிடந்த சாமானெல்லாம் வீட்டை கொண்டந்து வைச்சனாங்கள். அதைப் பாக்க, நீங்களும் இவரும் கடைசிக் கிழமை படகுப் பிரச்சினையால கதை பேச்சில்லாமல் இருந்தது ஞாபகம் வந்தது. அவுஸ்திரேலியாவுக்குக் களவா ஆக்களை ஏத்தப் படகு கேட்டனீங்கள், இவர் மாட்டன் எண்டவர். வாகனத்துக்கு எண்ணெயுமில்லை, அரிசியுமில்லை, ஊரே பைத்தியம் பிடிச்சு ஓடத் திரிஞ்ச காலம். உங்களில பிழையில்லை. அந்தக் கோபம் தீராமலே இவர் போயிட்டார் எண்டுதான் உங்களுக்கும் மனவருத்தம் இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சுலோ


ஹம், ஜேர்மனி.
30.03.2024

அன்பின் சுலோவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழிச்சிட்டன். கோபிக்காமல் வாசியும். இனி என்னை அண்ணா எண்டு எழுத வேண்டாம்.

எனக்கு விசா கிடைச்சிட்டுது. இனி ஒருத்தரும் திருப்பி அனுப்ப ஏலாது. ரெண்டு அறை வீடு ஒண்டும் பாத்திருக்கிறன், பள்ளிக்கூடம் நடந்து போற தூரம். நீரும் பிள்ளையும் அங்க அந்த வீட்டுக்குள்ள அவன்ட படத்தைப் பாத்துக்கொண்டு எத்தினை காலம் இருக்கப் போறியள்? திலக்சன் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவான். நான் உமக்குப் பதிவுக் கலியாணக் கடதாசி அனுப்பிறன், நீர் கையெழுத்து வைச்சால் மிச்சத்தை நான் பாப்பன். கௌசிகாவை என்ட பிள்ளை மாதிரித்தான் வைச்சிருப்பன், முருகன்மேல சத்தியம்.

உள்ளதைச் சொன்னால் உம்மில எனக்குப் பழைய விருப்பம். அவன் உம்மைப் பொம்பிளை பாக்க வரேக்குள்ள பின்னால சைக்கிளில வந்தது நான் தானே. அண்டைக்கே மனசுக்குள்ள வைச்சுப் பூட்டினது. கூட்டாளியின்ட பொருளுக்கு ஆசைப்படக் கூடாது எண்டு இருந்திட்டன்.

வழக்கில நீர் பொலிஸில முதல் சொன்னதையே சொல்லும், ஒரு சொல்லும் மாத்த வேண்டாம். சாட்சி சொல்லி முடிஞ்ச அடுத்த கிழமையே வெளிக்கிடலாம். அதோட அந்தக் கதை முடிஞ்சுது. படத்தின்ட முடிவு கேட்டிருந்தீர். எனக்குத் தெரியாது, கேக்கவுமில்லை.

உம்முடைய,
இராகுலன்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
16.06.2024

அன்புள்ள இராகுலனுக்கு,

பெயரை மட்டும் எழுதக் கை கூசுது. ரெண்டரை மாதமாப் பதில் போடாமல் இருந்ததுக்கு என்னைப் பேசாதேங்கோ. நீங்கள் என்னை "நீர்" எண்டு எழுதினதை வாசிச்ச உடன எனக்குக் கோபம்தான் முதல் வந்தது. ஆரைக் கேட்டு இந்த மனிசன் உரிமை எடுக்குது எண்டு கடிதத்தை அலுமாரிக்குள்ள எறிஞ்சனான். பேந்து ரெண்டு நாள் கழிச்சு எடுத்து வாசிச்சன். பேந்தும் வாசிச்சன். எத்தினை தரம் எண்டு எழுத வெக்கமாக் கிடக்கு.

முப்பத்தாறு வயசில தனிய நிண்டு பாருங்கோ, தெரியும். வீட்டுக் கூரையில ஓடு மாத்த ஒரு ஆளைக் கூப்பிட்டால் மூண்டு வீட்டு யன்னல் திறக்குது. மகள் பள்ளிக்கூடத்தில அப்பாவின்ட தொழில் எண்ட இடத்தில என்ன எழுதிறதெண்டு கேக்கிறாள். மச்சாளிட்டத் தயங்கித் தயங்கிச் சொன்னன். கையில இருந்த சுளகைக் கீழ வைச்சா. பிறகு, "இராகுலன் எண்டால் வேற ஆளில்லைத் தானே, போய்ப் பிள்ளையை வாழ வை" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போய் அழுதவ. அதுக்குப் பிறகுதான் எனக்கும் மனம் இளகினது. எனக்கு உங்களில விருப்பம் வந்திட்டுது, இதுக்கு மேல என்னைக் கொண்டு எழுதுவிக்காதேங்கோ.

ஆனால் ஒரு சொல்லு. ரெண்டாம் வருசத் திவசம் முடியாமல் நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கமாட்டன். புரட்டாதியில, 26ஆம் திகதி வியாழக்கிழமை தசமி வருது. அதைச் செய்துபோட்டுத்தான் மற்றது எல்லாம். அவரை ஒழுங்கா அனுப்பிப்போட்டு வாறன்.

சாட்சியைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. ஆனால் றுக்கியா இப்ப கடிதம் போட வாறேல்லை. மூத்த மகனைப் பள்ளிக்கூடத்தால மறிச்சு வேலைக்கு விட்டிருக்கிறா எண்டு கேள்வி. செவ்வாய்க்கிழமைகளில வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறன், எனக்கென்ன வந்ததெண்டு தெரியாது.

இப்படிக்கு,
சுலோ


ஹம், ஜேர்மனி.
20.07.2024

என் அன்பு சுலோவுக்கு,

உம்மட கடிதத்தைக் கண்ணில ஒத்திக்கொண்டன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கும் ஒரு வீடு வருமெண்டு நம்பிறன். அதால ஒண்டைச் சொல்லாமல் இருக்க ஏலாது. மறுக்காமல் செய்ய வேணும்.

தசமியில செய்யாதையும். நவமியில செய்யும், 25ஆம் திகதி புதன்கிழமை.

உம்மட கனவில அவன் வாறதில்லை எண்டு எழுதினீர். என்னிட்ட வாறான் சுலோ. கண்ணை மூட விடுறானில்லை. கோப்பை கழுவேக்குள்ள பின்னுக்கு நிக்கிற மாதிரிக் கிடக்குது. பசிக்குதெண்டுறான். ஆட்டைத் திவசத்துக்குப் படைச்சியள் தானே, பிறகும் ஏன் பசி? அது அவனுக்குப் போய்ச் சேரேல்லை. திதி பிழை. இஞ்ச காமாட்சி அம்மன் கோயிலில பழைய பஞ்சாங்கம் வாங்கி நிமிசம் நிமிசமாப் பாத்தனான். அவன் போனது நவமி முடிய முன்னம். பொழுது கூடப் படேல்லை. ஐயர் ஒரு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலத்தில பிழை விட்டிட்டார்.

இப்பிடியே விட்டால் அவன் எங்களை வாழ விடமாட்டான். நாங்கள் புதுசா ஒரு வாழ்க்கை தொடங்க முன்னம் அவன்ட பசி தீரவேணும். எனக்காக இல்லாட்டியும் கௌசிகாவுக்காகச் செய்யும். ஐயரிட்டக் காரணம் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, வீட்டுக்காரரின்ட விருப்பம் எண்டு சொன்னால் போதும். இந்தக் கடிதத்தை எண்டாலும் கிழிச்சுப் போடும், தயவுசெய்து.

உம்முடைய,
இராகுலன்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
11.08.2024

அன்புள்ள இராகுலனுக்கு,

கடிதம் கிடைச்சது. நாங்கள் சுகம்.

திதியை மாத்திறது லேசான கதையில்லை. ஐயரிட்டப் போய்க் கேட்டன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, "பிள்ளை, கண்ட சாட்சி இல்லாமல் நான் எப்பிடி நவமி எண்டு எழுதிறது? பொழுது பட முன்னம் எண்டு ஆர் சொன்னது?" எண்டு கேட்டவர். நீங்கள் ஈச்சிலம்பற்றில நிண்ட ஆள், உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது எண்டு ரெண்டு வரி எழுதினால் அவரிட்டக் காட்டலாம். எனக்குக் காட்டத் தேவையில்லை, நான் நீங்கள் சொன்னால் நம்புவன்.

படையலுக்கு என்ன வைக்கிறதெண்டும் எழுதுங்கோ. போன முறை இவருக்கு விருப்பமெண்டு மரவள்ளிக் கிழங்கும் பால்கறியும் வைச்சனாங்கள். உங்களிட்டத் தானே பசிக்குதெண்டு வாறார், என்ன வேணுமெண்டு உங்களிட்டத்தான் சொல்லியிருப்பார். கெதியாப் பதில் போடுங்கோ, நாள் கிட்டுது.

எனக்கு இந்த நாலு நாளாச் சாப்பாடு இறங்குதில்லை. வெக்கையாக்கும்.

சுலோ


ஹம், ஜேர்மனி.
01.09.2024

என் அன்பு சுலோவுக்கு,

நீர் என்னைச் சந்தேகப்படுறீரோ எண்டு ஒரு நிமிசம் பயந்திட்டன். உமக்கு அப்பிடி மனசில்லை எண்டு தெரியும். கனவிலதான் தெரிஞ்சது, வேற என்ன? கனவில வரேக்குள்ள வாடிக் கதவாலை மஞ்சள் வெயில் சரிஞ்சு அவன்ட முகத்தில விழுந்துகொண்டிருக்கும். பின்னேர வெயில். அதாலதான் பொழுது படேல்லை எண்டு எழுதினனான். ஐயருக்குக் கனவெண்டு சொல்லும், அவையள் கனவை நம்புவினம்.

மரவள்ளி எல்லாம் வைக்கத் தேவையில்லை. தண்ணி வையும். ஒரு பெரிய செம்பில நல்ல தண்ணி நிறைய வைச்சு, மூண்டு தரம் அவன்ட பேரைச் சொல்லிக் கையால வார்த்து விடும். பசியெண்டு நான்தான் பிழையா விளங்கினது. அவன் கடைசியாத் தண்ணி தான் கேட்டவன். ரெண்டு தரம் கேட்டவன், இராகு, தண்ணி எண்டு. வாடிப் பானையில ஒரு சொட்டும் இல்லை. அதுதான் என்னைப் போட்டு உலைக்குது. கனவில தான் சுலோ, எல்லாம் கனவில.

நவமியில செய்தாச்சு எண்டு ஒரு வரி எழுதினால் போதும், நான் நித்திரை கொள்ளுவன். கலியாணக் கடதாசியும் இதுக்குள்ள வைச்சிருக்கிறன்.

உம்முடைய,
இராகுலன்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
29.09.2024

இராகுலனுக்கு,

நவமியில செய்தம், புதன்கிழமை. தண்ணியும் வைச்சன். நீங்கள் எழுதினதுகளில அது ரெண்டும் உண்மை எண்டபடியால் செய்தன். மச்சாளுக்கு முதல் நாள்தான் சொன்னனான். அவ உங்கட பேரைச் சொல்லி மண் அள்ளித் தூத்தேல்லை, கத்தேல்லை. "கொள்ளி வைக்கேக்குள்ள அவன்தானே என்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்" எண்டு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறா.

கனவெண்டு எழுதினீங்கள். நான் நம்பத்தான் பாத்தன், உண்மையாப் பாத்தன். உங்களை நம்பினால் எனக்கு ஒரு வீடு, நம்பாட்டி ஒண்டுமில்லை. அதால உங்கட கடிதம் வந்த அடுத்த சனிக்கிழமை கந்தோருக்கு லீவு போட்டிட்டு ஈச்சிலம்பற்றுக்குப் பஸ் ஏறினன். நீங்கள் அண்டைக்கு விடியவே அங்க போனனீங்கள் எண்டு உங்கட அக்கா வாயால ஒரு சொல்லுக் கேட்டால் போதும், நான் விசரி எண்டு என்னை நானே பேசிப்போட்டுத் திரும்பியிருப்பன். அக்கா நல்லா உபசரிச்சா. கலியாணக் கதை தெரிஞ்சு என்னைக் கட்டிப் பிடிச்சா. கதையோட கதையாத்தான் கேட்டன். "இல்லைப் பிள்ளை, விளக்கு வைச்சுக் கனநேரத்துக்குப் பிறகு மோட்டச்சைக்கிளில வந்தவன். உடுத்த சாரம் ஈரம், கடலில முகம் கழுவினனான் எண்டவன். ஆரும் கேட்டால் விடியவே வந்ததாச் சொல்லச் சொன்னவன், கள்ள எண்ணெய்ப் பிரச்சினையாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்" எண்டா. சொல்லிக்கொண்டு போகேக்குள்ள என்ட முகத்தைப் பாத்தா. பாதியில நிப்பாட்டிப்போட்டா. பஸ் வரும் வரைக்கும் பக்கத்தில இருந்தா. பாவம், அவவுக்கு நீங்கள் ஒரே தம்பி.

படகுக்காகவோ, எனக்காகவோ எண்டு நான் கேக்கப் போறதில்லை. எதெண்டு சொன்னாலும் அதோட நான் வாழவேணும். எனக்கு உங்களில விருப்பம் வந்தது எண்டு எழுதின கை இது. எத்தினை தரம் கழுவினாலும் அருவருப்புப் போகுதில்லை.

கடிதங்கள் எல்லாம் உறையோடயும் முத்திரையோடயும் முனாஸின்ட சட்டத்தரணியிட்டக் குடுத்திட்டன். எந்தக் கடிதம் எண்டைக்குப் போட்டது, எண்டைக்கு வந்தது எண்டு தபால்காரி நான் சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறன். உங்கட அக்காவும் வந்து சொல்லுறன் எண்டிருக்கிறா. பொழுது பட முன்னம் நடந்தது எண்டால் முனாஸ் அண்ணை புல்மோட்டையில. எட்டுச் சாட்சி. ரெண்டு வருசமா அந்த மனிசன் என்ட வாயால உள்ள கிடக்கிறார். உங்கட பிழைக்கு நீங்கள் பதில் சொல்லுவீங்கள், இந்தப் பிழை என்னுடையது.

வெள்ளிக்கிழமை றுக்கியா வீட்டை போனன். வாசலிலயே நிண்டன், உள்ள போக முகமில்லை. நிண்ட நிலையில உங்கட கடைசிக் கடிதத்தை முழுக்க வாசிச்சுக் காட்டினன். அவ என்னை அடிச்சிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். "ரெண்டு வருசம் தங்கச்சி" எண்டா. பிறகு படியில குந்திக்கொண்டு, "உங்கட மனிசன் தண்ணி கேட்டவராமே, அல்லாவே, தண்ணி கேட்டவராமே" எண்டு எங்கட இவருக்காக அழுதா. தன்ட புருசனுக்கு விடுதலை எண்டு விளங்க முன்னம் அவவுக்கு அதுதான் விளங்கினது. நானும் பக்கத்தில இருந்து அழுதன்.

கௌசிகாவுக்கு இன்னும் சொல்லேல்லை. சொல்லுறதும் நான்தான், உங்களைப் போல கனவெண்டு சொல்லாமல் சொல்லுவன். கலியாணக் கடதாசியைக் கையெழுத்தில்லாமல் இதோட திருப்பி வைச்சிருக்கிறன்.

நீங்கள் அங்க இருந்து வருவீங்களோ, கொண்டருவினமோ, ஒளிப்பீங்களோ எனக்குத் தெரியாது. இனி நான் எழுதமாட்டன். ஒண்டு மட்டும் கேக்கிறன். இதை நீதிமன்றத்தில கேக்கமாட்டினம், அவைக்கு இது தேவையில்லை.

பானையில தண்ணி இல்லை எண்டு எழுதினீங்கள். வாடிக்கு வெளியில, பத்து அடியில கிணறு. அவர் ரெண்டு தரம் கேட்டவர் எண்டும் எழுதினீங்கள். அள்ளிக் குடுத்தனீங்களோ இல்லையோ எண்டு எழுதேல்லை.

குடுத்தனீங்களோ?

சுலோஜனா திலக்சன்